உளப்பாடு

தமிழ் கற்கும் பிறமொழியாளர் தன்மைப் பன்மைக்கு வந்ததும் சற்றே திகைத்து நிற்பர். 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றும். நமக்கோ அவை ஒன்றல்ல. எதிரே நின்று கேட்பவரையும் சேர்த்துச் சொல்லுங்கால் 'நாம்' என்கிறோம். அவரை ஒதுக்கிச் சொல்லுங்கால் 'நாங்கள்' என்கிறோம். முன்னிற்பாரையும் தம்முள் அடக்கிப் பேசும் இம்முறையை இலக்கண நூலார் உளப்பாடு என்றனர். அம், ஆம் என்னும் வினையீறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் வினைமுற்றின் இறுதியில்கூட இவ்வேறுபாட்டைக் கண்டு வகுத்த நுண்மாண் நுழைபுலம் நம் முன்னோருடையது. தெலுங்கும் மலையாளமும் இன்றளவும் இவ்வேறுபாட்டைப் போற்றி வருகின்றன. ஆங்கிலத்தில் அஃது இல்லை. நாம் வாழும் இக்கருநாடக மண்ணின் மொழியாகிய கன்னடத்திலும் இன்று 'நாவு' என்னும் ஒரு சொல்லே இரண்டு பொருளுக்கும் உரியதாய் வழங்குகிறது.

பெங்களூரில் பிறந்து, பள்ளியில் ஆங்கிலமும் விளையாட்டுத் திடலில் கன்னடமும் இந்தியும் பேசி, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் சிறாரிடம் இதன் விளைவை நாள்தோறும் கேட்கலாம். "அப்பா, நாங்கள் இன்றைக்குக் கடைக்குப் போகலாமா?" என்று பிள்ளை கேட்கும். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்கும். அவரையும் அழைத்துக்கொண்டு போகவே அதற்கு ஆசை. ஆனால் அது சொன்ன சொல்லுக்குள் தந்தை இல்லை. இதைக் கேட்டு நகைப்போரும் உண்டு. தமிழ் தேய்கிறதே என்று வருந்துவோரும் உண்டு.

ஆயினும் இதே வீடுகளில் வேறொரு கூற்றும் கேட்கிறது. "நாங்கள் உனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்?" என்று பெற்றோர் பிள்ளையிடம் சொல்கின்றனர். இலக்கணத்தால் இக்கூற்றில் ஒரு குறையும் இல்லை. 'நாங்கள்' உரிய இடத்தில் உரிய பொருளில் நிற்கிறது. கேட்கும் பிள்ளை மட்டும் வெளியே நிற்கிறது. பிள்ளையின் வாயில் சொல் பிழைத்தது, பொருள் பிழைக்கவில்லை. பெற்றோர் வாயில் சொல் பிழைக்கவில்லை. எந்தப் பிழையைத் திருத்துதல் முதற்கடமை என்பதே நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகும் பொருளாகும்.

நாம் வாழும் ஊர் வைட்ஃபீல்ட். மைசூர் மன்னர் சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியர் குடியேற்றத்திற்கென 1882ஆம் ஆண்டு வழங்கிய நிலத்தில், டேவிட் ஒயிட் என்பாரின் முயற்சியால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்பது. நடுவே ஒரு வட்டத் திடல், அதனைச் சுற்றி வீடுகள், தோட்டங்கள் என அமைதியே உருவாய் நெடுங்காலம் இருந்த சிற்றூர் அது. 1990களில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பிறகு வயல்கள் அடுக்குமாடிகளாயின. 2023 மார்ச்சு 25இல் மெட்ரோ இரயில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து இங்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 9இல் நகரின் நடுப்பகுதியோடும் இணைந்தது. நம்மைப் போன்ற நடுவண் அரசு எழுத்தர்கள் அதன்பின் ஓரளவு உரிய நேரத்தில் வீடு திரும்புகின்றனர். கணிப்பொறித் துறையினரோ வீட்டிற்குள் வந்த பின்னரும் அலுவலகத்தைவிட்டு வெளியேறுவதில்லை. அயல்நாட்டார் விழித்திருக்கும் நேரமே அவர்கள் கூட்டம் நடத்தும் நேரமாதலின், பிள்ளை உறங்கப் போகும் வேளையில் பெற்றோர் காதுகளில் ஒலிக்கருவி ஏறிவிடுகிறது.

இங்குப் பிள்ளைகளுக்குக் குறையென்று எதைச் சொல்வது? நீச்சற் பயிற்சி உண்டு; சதுரங்கப் பயிற்சி உண்டு; கணக்கிற்கு ஓர் ஆசிரியர், அறிவியலுக்கு ஓர் ஆசிரியர். எல்லாம் இருந்தும் பதின்மூன்று, பதினான்கு வயதில் அறைக்கதவு சாத்தப்படுகிறது. 'சாப்பிட்டாயா', 'படித்தாயா', 'தேர்வு எப்படி எழுதினாய்' என்னும் மூன்று வினாக்களைத் தவிர வேறு பேச்சு அக்கதவைக் கடந்து செல்வதில்லை. நாம் கோப்புகளிடையே வாழ்பவர்களாதலின் இந்நடை நமக்கு நன்கு பழக்கமானது. முதலில் ஆணை, பதில் இல்லையேல் நினைவூட்டு, அதற்கும் பதில் இல்லையேல் விளக்கம் கோரி ஒரு மெமோ. அலுவலகத்தில் இதனால் கோப்பு நகர்கிறது. வீட்டில் மனம் நகர்வதில்லை.

அரசும் இக்குறையை ஒருவாறு உணர்ந்தே இருக்கிறது. நடுவண் அரசின் பெண் ஊழியர், பதினெட்டு வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளின் பொருட்டுப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம் என்னும் விதி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. துணையின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்க்கும் 2018இல் அது விரிந்தது. தந்தையர்க்கு மகப்பேற்றின்போது 15 நாள் விடுப்பு 1997 முதல் உண்டு. நல்ல விதிகளே. ஆயின் 730 நாளைத் தரும் விதி, அவற்றுள் ஒரு நாளைப் பிள்ளையோடு எவ்வாறு கழிப்பது என்று சொல்லாது. அது விதியின் வேலையும் அன்று. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கென விடுப்பு எடுத்துத் தாய் வீட்டில் இருப்பதே பிள்ளைக்குப் பெரும்பாரமாகிவிட்ட இல்லங்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில்தான் பெற்றோர்க்கே பயிற்சி தரும் ஒரு துறை தோன்றியிருக்கிறது. 'பேரன்டிங் கோச்சிங்' என்று இங்குள்ளோர் அதனைச் சொல்கின்றனர். பிள்ளையைத் திருத்துவது அதன் நோக்கமன்று. பிள்ளையோடு உறவு கொள்ளும் வகையில் பெற்றோரைப் பழக்குவதே அதன் பணி. "பிள்ளை வளர்க்கவும் டியூஷனா? நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?" என்று நம் குடியிருப்பின் முதியவர் ஒருவர் கேட்டார். எள்ளி ஒதுக்கத்தக்க வினா அன்று அது. விடை காணத்தக்க வினா.

பாட்டிமார் படித்த கல்லூரி ஒன்று இருந்தது. அது கூட்டுக்குடும்பம் என்னும் கல்லூரி. இளந்தாய் குழந்தையைக் கடிந்தால் தடுக்க மாமியார் இருந்தார். தந்தை கையை ஓங்கினால் பிள்ளை ஓடி ஒளியத் தாத்தாவின் மடி இருந்தது. இன்று இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு பெரியவர்கள் இரண்டு பணிகளை முடித்துவிட்டு வந்து, யாரும் தடுக்காத, யாரும் சொல்லித்தராத தனிமையில் பிள்ளை வளர்க்கின்றனர். பாட்டியும் கிராமத்தில் தனித்திருக்கிறார்.

அக்கல்லூரிக்குப் பாடநூலும் இருந்தது என்பதை இலக்கியம் பயில்வோர் மறத்தல் ஆகாது. பிள்ளைத்தமிழைச் சற்றே நினைவுகூர்வோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீதும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமீதும் பாடிய அவ்வகை நூல், குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலை செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. குழந்தை எந்தத் திங்களில் எதைச் செய்யும் என்று உற்று நோக்கியவர் அன்றி இப்பகுப்பை வேறு யாரும் செய்திருத்தல் இயலாது. அதனினும் சிறப்பு, பெரும்பாலான பருவங்களில் பெரியோர் குழந்தையை நோக்கிப் பேசுகின்றனர் என்பது. 'ஆடுக', 'கொட்டுக', 'வருக', 'முத்தம் தருக' என்று வேண்டுகின்றனர். ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர் அதனைச் சிதைக்க வரும் சிறுவனை நோக்கிச் 'சிதையாதே' என்று மன்றாடுகின்றனர். குறும்பு செய்யும் குழந்தையின் முன் கவிஞர் கைகட்டி நிற்கும் இலக்கியம் இது.

அம்புலிப் பருவமோ இன்னும் எண்ணத்தக்கது. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் கவிஞர், சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாளுதல் மரபு. முதலில் நயந்து, நிலவுக்கும் குழந்தைக்கும் உள்ள ஒப்புமைகளை எடுத்துரைப்பர், பின் வந்தால் பெறும் நன்மைகளைக் கூறுவர், பின் வேற்றுமை காட்டுவர், இறுதியில்தான் அச்சுறுத்துவர். எட்டாத வானத்து நிலவினிடமே நம் கவிஞர் சாமத்தில் தொடங்கினர். கைக்கெட்டும் பிள்ளையிடம் நாம் தண்டத்தில் தொடங்குகிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவால் பள்ளியில் உடல்வழித் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் விலக்கியது. ஆசிரியரின் பிரம்பு ஒருவாறு கீழே விழுந்தது. வீட்டிலுள்ள நாவென்னும் பிரம்பை எந்தச் சட்டம் பறிமுதல் செய்யும்?

திருக்குறளின் மக்கட்பேறு என்னும் அதிகாரத்திலும் ஒரு வைப்புமுறை உண்டு. தந்தையானவர் தம் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யவேண்டும் என்னும் கடமை 67ஆம் குறளில் வருகிறது. அதற்கு முன்னுள்ள மூன்று குறள்கள் எதைப் பற்றியவை? சிறுகை அளாவிய கூழின் இனிமை, குழந்தையின் உடலைத் தீண்டும் இன்பம், மழலை கேட்கும் இன்பம் ஆகியவற்றையே அவை பேசுகின்றன. உடனுண்ணுதல், தொடுதல், செவிமடுத்தல் ஆகிய மூன்றுக்கும் பின்னரே முந்தியிருக்கச் செய்தல் வருகிறது. வைட்ஃபீல்ட் வாழ்வு 64, 65, 66 ஆகியவற்றைத் தாண்டி நேரே 67க்குத் தாவிவிட்டது. அல்சூர் ஏரிக்கரையருகே 1991இல் நிறுவப்பெற்ற வள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9இல்தான் முகம் காட்டியது. பதினெட்டு ஆண்டுகள்! பிறந்த குழந்தை வளர்ந்து வாக்குரிமை பெறும் காலம் அது. சிலைக்கேனும் திறக்கும் நாள் ஒன்று வந்தது. பிள்ளையின் பதினெட்டு ஆண்டுகள் மூடிய கதவுக்குப் பின்னே கழிந்துவிடின் மீண்டும் வருமோ?

இனி, உலகோர் இத்துறையில் கண்டவற்றை நோக்குவோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உளவியலாளர் தாமஸ் கார்டன் 1962இல் பெற்றோர்க்கென ஒரு வகுப்பைத் தொடங்கினார். 1970இல் அதனை நூலாக்கினார். அவர் கற்பித்தவற்றுள் முதன்மையானவை இரண்டு. பிள்ளை சொல்வதை இடைமறியாமல் கேட்டு, கேட்டதன் பொருளை அதனிடமே திருப்பிச் சொல்லுதல் ஒன்று. 'நீ' என்று தொடங்கும் குற்றச்சாட்டுக்கு மாறாக, 'நான்' என்று தொடங்கித் தம் நிலையை உரைத்தல் மற்றொன்று. "நீ ஏன் எப்போதும் நேரங்கழித்து வருகிறாய்?" என்பது குற்றப்பத்திரிகை. "நீ வரும்வரை நான் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்" என்பது செய்தி. முன்னதற்குப் பிள்ளை எதிர்வாதம் தேடும்; பின்னதற்கு எதிர்வாதம் இல்லை.

ஷீலா ஐபெர்க் என்னும் உளவியலாளர் 1970களில் வகுத்த முறை இன்னும் வியப்பிற்குரியது. இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தையோடு தாயோ தந்தையோ ஓர் அறையில் விளையாடுவர். ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னிருந்து பயிற்சியாளர் அதைக் காண்பார். பெற்றோரின் காதிலுள்ள சிறு கருவி வழியாக, அப்போதைக்கப்போது சொல்லித்தருவார். விளையாட்டைப் பிள்ளையே நடத்தவேண்டும். பெற்றோர் ஏவுதல் கூடாது, வினவுதல் கூடாது, குறை கூறுதல் கூடாது. பிள்ளை செய்வதை விரித்துரைக்கலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். நன்று செய்ததை இன்னது நன்று என்று சுட்டிப் பாராட்டலாம். வீட்டிலும் நாள்தோறும் ஐந்து நிமிடம் இவ்வாறு இருத்தல் வேண்டும். ஐந்து நிமிடந்தானே என்று எண்ணுவோர், ஏவலும் வினாவும் இன்றி ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பாராக.

இவையெல்லாம் செல்வநாட்டின் ஆடம்பரங்கள் என்று கருதுவோர்க்கு ஜமைக்கா விடை தருகிறது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக்குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்து, 1986–87 முதல் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு நலப்பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், ஈராண்டுக் காலம் சென்றனர். வீட்டில் கிடைக்கும் எளிய பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, குழந்தையோடு எவ்வாறு விளையாடுவது, எவ்வாறு பேசுவது என்று தாய்க்குக் காட்டினர். இருபது ஆண்டுகள் சென்றபின் தேடிப் பார்த்தபோது, அவ்வாறு தாய் பயிற்சி பெற்ற குழந்தைகள் வளர்ந்து ஈட்டிய வருவாய், பயிற்சி பெறாதாருடையதைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது. 2014இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் நாற்பது ஊர்களில் 552 குடும்பங்களிடையே மற்றொரு முயற்சி நடந்தது. பதின்பருவப் பிள்ளைகளும் அவர்களை வளர்ப்போரும் பதினான்கு வாரப் பயிற்சி பெற்றனர். பயிற்றியோர் பெரும்பட்டம் பெற்றவரல்லர், அவ்வட்டாரத்துச் சமுதாயப் பணியாளரே. வளர்ப்போர் கூற்றின்படி அடியும் வன்சொல்லும் குறைந்தன. அவர்தம் மன அழுத்தமும் தணிந்தது. 2018இல் இம்முடிவுகள் வெளியாயின. அத்திட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'சினோவுயோ'. அவ்வட்டார மொழியாகிய கோசாவில் அதற்கு 'நம்மிடம் மகிழ்ச்சி உண்டு' என்பது பொருள். கடல் கடந்த அம்மக்களும் தன்மைப் பன்மையிலேயே பெயர் வைத்தனர் என்று அறிந்தபோது நமக்கு மெய் சிலிர்த்தது. 2023இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய பயிற்சி பெற்றோர் யாவர்க்கும் எளிதில் கிடைக்கச் செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் இயங்கும் 'நம்பிக்கை நிலையம்' அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கானது. அங்குக் குழந்தையை விட்டுவிட்டு வருவதில்லை. பெற்றோரும் உடன் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். வீடு திரும்பிய பின் மருத்துவரின் பணியைத் தொடர்வோர் அவர்களே. நம் பெங்களூரின் ஓசூர்ச் சாலையில், 1974இல் இன்றைய வடிவம் பெற்ற நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழந்தை உளநலப் பிரிவிற்குப் பிள்ளையை அழைத்துச் செல்வோரும், மருத்துவர் பிள்ளையோடு பேசுமளவு தம்மோடும் பேசுவதைக் காண்பர்.

இவற்றையெல்லாம் நூல்வழி அறிந்ததோடு நில்லாமல் நேரில் காணும் வாய்ப்பும் நமக்குக் கிட்டியது. நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், உளநல ஆலோசகராகிய ஓர் அம்மையார் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பெற்றோர் வகுப்பு நடத்தினார். நம் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எழுத்தர் என்பதால் வருகைப் பதிவேடும் நிகழ்ச்சிக் குறிப்பும் எழுதும் பொறுப்பு இயல்பாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. முதல் வாரத்தில் அம்மையார் அறிவுரை எதுவும் கூறவில்லை. ஒரு நாள் மாலை முழுதும் பிள்ளையிடம் தாம் பேசிய வாக்கியங்களை ஏவல், வினா, குறை, வெறும் பேச்சு என்று நான்காகப் பிரித்து எழுதிவரச் சொன்னார். அடுத்த வாரம் வந்த ஏடுகளில் முதல் மூன்று பத்திகளே நிறைந்திருந்தன. 'வெறும் பேச்சு' என்னும் நான்காம் பத்தியைப் பார்த்துப் பலரும் நகைத்தனர், பின்னர் அமைதியாயினர்.

தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்த தந்தை ஒருவர் அவ்வகுப்பிற்கு வந்தார். பதினைந்து வயது மகன் பல மாதங்களாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்றார். அவருக்கு அம்மையார் இட்ட பணி ஒன்றே. நாள்தோறும் இரவு பத்து நிமிடம், கைப்பேசியின்றி, பிள்ளை கண்ணில் படும் இடத்தில் ஏதேனும் கைவேலை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். தாமாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. அவர் பழைய மிதிவண்டி ஒன்றைக் கழற்றிப் பூட்டத் தொடங்கினார். மூன்று வாரம் ஒன்றும் நிகழவில்லை. "சங்கிலிக்குத்தான் எண்ணெய் கிடைத்தது" என்று வருந்தியே சொன்னார். ஆறாம் வாரம் வந்தவர், பையன் அருகில் வந்து அமர்ந்து திருகாணிகளை எடுத்துக் கொடுத்ததாகவும், எழுந்து போகும்போது, "நாம எப்பப்பா ஊருக்குப் போறோம்?" என்று கேட்டதாகவும் சொன்னார். குறிப்பேட்டில் அச்சொல்லை அவ்வாறே எழுதி வைத்தோம். ஏழாம் வாரம் மீண்டும் கதவு சாத்தியிருந்ததாம். "சாத்தட்டும், நான் உட்கார்ந்திருப்பேன்" என்றார் அவர். ஆறாம் வாரத்துச் செய்தியைவிட ஏழாம் வாரத்து உறுதியே நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண்மணி ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர், மூன்றாம் வாரம் வரை கதவோரம் நின்று கேட்டார். பின்னர் நம்மிடம் வந்து, "நானும் ஒக்காந்து கேக்கலாங்களா சார்?" என்றார். மற்றவர்கள் கட்டணம் செலுத்தி வந்தவர்கள். அம்மையார் தாமே எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பெண்மணி கேட்ட வினா அதுவரை யாரும் கேளாதது. "நான் வீட்டுக்குப் போறப்பப் புள்ள தூங்கிடுது, விடிகாலைல நான் கௌம்பிடறேன். அஞ்சு நிமிசம் எங்கேயிருந்துங்க குடுக்கறது?" கூடம் முழுதும் வாயடைத்திருந்தது. அம்மையார் சற்று எண்ணி, "மகளுக்குத் தலை பின்னிவிடுவது யார்?" என்று கேட்டார். "நான்தாங்க, காலைல." "அந்த நேரம் உங்களுடையது. பள்ளியைப் பற்றிக் கேட்காதீர்கள். முந்தைய நாள் நீங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லிக்கொண்டே பின்னுங்கள்."

அடுத்தடுத்த வாரங்களில் அவர் சொன்னவை இவை. முதலில் மகள் "சீக்கிரம் பின்னும்மா" என்று மட்டும் சொன்னாள். பின்னர் அம்மா சொன்ன கதையில் இடையே ஒன்று கேட்டாள். பின்னர் ஒரு நாள், வகுப்பில் தன் செருப்பைப் பார்த்துச் சில பிள்ளைகள் சிரிப்பதையும், அதனால் உணவு இடைவேளையில் தனியே உட்காருவதையும் சொன்னாள். எத்தனையோ மாதமாக நடந்துவந்தது அது. தாய்க்குப் பின்னலின் பாதியில்தான் தெரியவந்தது. "அவ மூஞ்சி எனக்குத் தெரியல, என் மூஞ்சி அவளுக்குத் தெரியல, அதனாலதான் சொன்னா போலிருக்கு" என்றார் அப்பெண்மணி. உளவியல் நூல் பல கற்றோரும் இதனினும் நன்றாக விளக்கியிருக்க மாட்டார். அம்மையார் தம் குறிப்பேட்டை எடுத்து அதனை எழுதிக்கொண்டதை நாம் கண்டோம்.

பயிற்சி எல்லா நோய்க்கும் மருந்தாகும் என்று நாம் கூற வரவில்லை. இதனையே வணிகமாக்கி, சில வாரங்களில் பிள்ளை மாறிவிடும் என்று வாக்களித்துப் பெருந்தொகை பெறுவோரும் பெருகிவிட்டனர். அவ்வாறு வாக்களிப்பாரை ஐயுறுதல் நன்று. பெற்றோர் மாறுவதற்கே பல மாதங்கள் ஆகும். பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் இருப்பினும், வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினும், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளினும் பயிற்சியாளரைத் தேடிக் காலம் கடத்தலாகாது. உளநல மருத்துவரையே நாடவேண்டும். நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைத்தல் நலம்.

நிற்க. தமிழ்ச் சங்கங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. விடுமுறை நாள்களில் நம் சிறார்க்குத் தமிழ் கற்பிக்கும் வகுப்புகள் பல இடங்களில் நடைபெறுகின்றன. பிள்ளை உள்ளே 'நாம்', 'நாங்கள்' பயிலும் அந்த ஒரு மணி நேரமும் பெற்றோர் வெளியே படிக்கட்டிலும் வண்டியிலும் அமர்ந்து கைப்பேசியை நோக்கிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு அடுத்த அறையைத் திறந்துவிட்டால் என்ன? பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் திங்களுக்கு இருமுறை வரட்டும். மற்ற வாரங்களில் பிள்ளைத்தமிழின் ஒரு பருவத்தையோ, மக்கட்பேற்றின் ஒரு குறளையோ எடுத்துக்கொண்டு, இலக்கியம் அறிந்தோர் பேசட்டும். கேட்போர் தம் வீட்டு நிகழ்ச்சிகளைச் சொல்லட்டும். கட்டணம் வேண்டா. அடுக்குமாடியில் வாழ்வோர்க்கும் அதனைப் பெருக்குவோர்க்கும் ஒரே வரிசையில் நாற்காலி இடப்படட்டும். கூடம் நம்மிடம் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, கேட்க வேண்டியோர் ஏற்கெனவே வாயிலில் வந்து காத்திருக்கின்றனர். வருகைப் பதிவேடு எழுத ஓர் எழுத்தர் வேண்டுமெனில், வைட்ஃபீல்டிலிருந்து அல்சூருக்கு இப்போது மெட்ரோ நேரே வருகிறது.